வேர் விட்ட கள்ளிப் போத்து அழுகும்போது

சீயமங்கலம், தேசூர், செஞ்சி சுற்றுவட்டாரத்தில் மாடியிலும் திண்ணையிலும் கள்ளி வளர்ப்போருக்கும், டிராகன் பழக் குச்சியைப் புதிதாக நட்டிருப்போருக்கும்.

வேர் விடாத போத்து அழுகினால் யாரும் வியப்பதில்லை. வேர் விட்டு, நுனியில் துளிர் காட்டி, தொட்டிக்கும் மாறிய போத்து ஒரு நாள் காலையில் அடியில் கறுத்துச் சாய்ந்து கிடக்கும்போதுதான் காரணம் விளங்குவதில்லை. வேர் வந்துவிட்டது என்ற நம்பிக்கையே பாதிக் காரணம். போத்து காய்ந்து கிடந்த நாளெல்லாம் தண்ணீர் காட்டாமல் பொறுத்திருந்த கை, ஒரு துளிரைக் கண்டதும் குவளையை எடுத்துவிடுகிறது.

வெட்டிய கள்ளித் துண்டு தன் காயத்தைத் தானே மூடிக்கொள்ளும். வெட்டுவாயில் உள்ள செல்கள் காய்ந்து, அவற்றின் கீழே தக்கை போன்ற ஒரு படலம் உண்டாகிறது. தண்ணீரும் நுண்ணுயிரும் புக முடியாத கதவு அது. பிறகு வேர் வருகிறது. வேர் வருவது என்றால், அந்தக் கதவை உள்ளிருந்து துளைத்துக்கொண்டு வருவது. ஆகவே வேர் விட்ட முதல் சில வாரங்களில் போத்தின் அடிப்பகுதியில் முன்பு இல்லாத சிறு பிளவுகள் இருக்கும். வேர்களும் நூலிழை அளவே; நட்டவர் ஒரு முறை அசைத்துப் பார்த்தாலே அறுந்துபோகும். அறுந்த வேர் ஒவ்வொன்றும் திறந்த வாசல். வேர் விட்ட போத்துக்கும் அழுகல் எளிதாக நேர்வது இதனால்தான். நாற்றங்காலில் இருந்து வாங்கி வந்த செடியை அன்றைக்கே வேறு தொட்டிக்கு மாற்றி, அன்றைக்கே தண்ணீர் ஊற்றுவது இந்த ஆபத்தை இரட்டிப்பாக்கும்.

அழுகலைத் தொடங்கிவைப்பது தண்ணீர் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. சரியாகச் சொன்னால், காற்று இல்லாமை. வேரும் மூச்சு விட வேண்டும். மண்ணின் இடைவெளிகள் எல்லாம் நீரால் நிரம்பி இரண்டு மூன்று நாள் அப்படியே நின்றால் வேர்முனைகள் மூச்சுமுட்டிச் சாகின்றன. செத்த வேரைத் தின்ன வருபவை பிறகு உயிருள்ள தண்டிலும் கை வைக்கின்றன. அவற்றில் மூன்று வகையை வேறுபடுத்திப் பார்ப்பது பயன் தரும். பித்தியம், பைட்டோப்தோரா என்பவை பார்வைக்குப் பூஞ்சை போலிருந்தாலும் உண்மையான பூஞ்சைகள் அல்ல. அவற்றின் வித்துகள் வால் கொண்டவை. ஈர மண்ணில் நீந்தி வேரைத் தேடி வரும். பைட்டோப்தோராவின் ஒரு இனத்துக்குக் கள்ளியின் பெயரே இருக்கிறது: அழுகிய கள்ளிகளில் லேபர்ட், கோன் என்ற இருவர் கண்டு 1870இல் விவரித்த உயிரி அது; இன்று ஆப்பிள் தோட்டங்களிலும் ஸ்ட்ராபெரி வயல்களிலும் பேர்போன நோய்க்காரணி. இரண்டாவது பியூசேரியம், உண்மையான பூஞ்சை. மெதுவாக வேலை செய்யும், செங்காவி நிறத்தில் தடம் விட்டுச் செல்லும். மூன்றாவது மென்னழுகல் பாக்டீரியா. செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே இருக்கும் பசையைக் கரைத்துவிடுவதால், நேற்று விறைப்பாக இருந்த தண்டு இன்று கூழாகி நாறும். நாற்றம் அடித்தால் நாள் கணக்குப் பார்க்க நேரமில்லை.

இவ்வட்டாரத்தில் இதற்கெல்லாம் ஏற்ற பருவம் ஐப்பசியும் கார்த்திகையும். கள்ளிகளின் பிறந்தகம் அமெரிக்கக் கண்டங்கள். அவற்றில் பல, வெயிலும் மழையும் சேர்ந்து வரும் கோடையில் வளர்ந்து, குளிர்ந்த வறண்ட மாதங்களில் உறங்கும். இங்கே வடகிழக்குப் பருவமழை வெயில் மங்கியிருக்கும் நாள்களில் வருகிறது. மண் காய வழியில்லை, காற்றிலும் ஈரம். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது செஞ்சிக்குக் கிழக்கே மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் எந்த மண்கலவையும் காப்பாற்றாது. தொட்டிகளைக் கூரைக்கடியில் நகர்த்த முடியாவிட்டால் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்கவைப்பதே வழி; படுத்துக் கிடக்கும் தொட்டியில் மழை தங்காது. செடிக்கு நான்கைந்து நாள் படுத்திருப்பதால் ஒன்றும் ஆகாது.

அழுகலைக் கண்டுபிடிப்பதில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. அழுகாததை அழுகல் என்று நினைத்து வெட்டுவது ஒன்று. வயதான கள்ளியின் அடித்தண்டு பழுப்பாகி மரப்பட்டை போல் கெட்டிப்படுவது இயல்பு. விரலால் அழுத்தினால் கல் போலிருக்கும், மேலே பரவும் வேகமும் ஆண்டுக் கணக்கில்தான். சித்திரை, வைகாசி வெயிலில் மேற்குப் பக்கம் மட்டும் வெளிறிப் பின் தவிட்டு நிறமாகக் காய்வதும் அழுகல் அல்ல, வெயில் பட்ட தழும்பு. இவற்றில் கத்திக்கு வேலையில்லை.

மற்றத் தவறு கொடியது. வேர் அழுகிய போத்து தண்ணீர் உறிஞ்ச முடியாமல் சுருங்குகிறது. தாகத்தில் வாடும் போத்தும் சுருங்குகிறது. இரண்டும் பார்க்க ஒன்றே. சுருக்கத்தைக் கண்டவர் தண்ணீர் ஊற்றுகிறார், சுருக்கம் கூடுகிறது, இன்னும் ஊற்றுகிறார். சுருங்கிய கள்ளிக்குத் தண்ணீர் காட்டும் முன் மண்ணைப் பார்ப்பது முதல் பாடம். விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, தொட்டியின் ஓரமாக அடிவரை செருகி, சிறிது நேரம் கழித்து எடுத்தால் போதும். குச்சி உலர்ந்து வந்தால் செடிக்குத் தாகம். மண் ஒட்டிக்கொண்டு வந்தால், மண்ணில் ஈரம் இருந்தும் செடி சுருங்குகிறது என்று பொருள், வேர் போய்விட்டது. நிறம் மங்குவது, மண்ணை ஒட்டிய இடம் எண்ணெய் தடவியதுபோல் மினுமினுப்பது, தண்டைத் தொட்டால் தொட்டிக்குள் ஆடுவது ஆகியவை அடுத்த அடையாளங்கள். அடிப்பகுதியை விரலால் அழுத்தும்போது பழுத்த சப்போட்டா போல் உள்ளே போனால் ஐயமே வேண்டாம்.

அடுத்தது, செடியை வெளியே எடுப்பது. முள்ளுக்குச் செய்தித்தாளைப் பட்டையாக மடித்துத் தண்டைச் சுற்றிப் பிடிப்பது கையுறையைவிட நல்லது. சப்பாத்திக்கள்ளியின் மயிர் போன்ற நுண்முள் விரலில் ஏறிவிட்டால் செல்லோடேப்பை ஒட்டி உரித்தால் பெரும்பாலும் வந்துவிடும். மண்ணை உதறியபின் வேர்களைப் பார்க்கலாம். நல்ல வேர் வெள்ளையாகவோ வெளிர்பழுப்பாகவோ, இழுத்தால் விறைப்பாக இருக்கும். கெட்ட வேரின் தோல் உறை கழல்வதுபோல் கையோடு வந்து, நடுவில் நூல் மட்டும் மிஞ்சும். வேர்களுக்கிடையே மாவு தூவினாற்போல் வெள்ளைத் திட்டுகள் இருந்தால் அது வேர் மாவுப்பூச்சி. அழுகலுக்கு வழி திறந்துவிட்டது அதுவாகவும் இருக்கலாம்.

இந்த இடத்தில்தான் பலர் தயங்குகிறார்கள். இரண்டு மாதம் காத்திருந்து வந்த வேரை வெட்ட மனம் வருவதில்லை. அழுகிய வேரை மட்டும் கிள்ளிவிட்டு, மிச்சத்தைப் பூஞ்சைக்கொல்லி நீரில் முக்கி மறுபடி நட்டுப் பார்க்கிறார்கள். அழுகல் தண்டை எட்டாதவரை, வேர் நுனிகளில் மட்டும் இருந்தால், இது பலிக்கலாம். தண்டின் அடியில் மிளகளவு கருமை தெரிந்தாலும் பலிக்காது. கள்ளியின் உயிர் அதன் உடம்பில் இருக்கிறது. வேர் வரும், போகும். இயற்கையிலேயே பல கள்ளிகள் வறட்சியில் நுண்வேர்களை உதிர்த்துவிட்டு மழை கண்டதும் புதிதாக விடுகின்றன. வீட்டு நிலைவாசலில் திருஷ்டிக்குக் கட்டித் தொங்கவிடும் ஆகாசக் கருடன் கிழங்கு மண்ணும் நீரும் இல்லாமல் மாதக்கணக்கில் கொடி விட்டு நிற்பதை இவ்வட்டாரத்தில் பார்க்காதவர் இல்லை. கள்ளித் துண்டும் அதே சேமிப்பில் வாழ்வதுதான். வேரைக் காக்கப் போனால் தண்டு போகும். அடிப்பகுதியை வேரோடு துணிந்து கழித்துவிட்டால், மிஞ்சுவது மறுபடி ஒரு போத்து.

வெட்டுவதற்குப் புது பிளேடும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டும் போதும். அரிவாள்மனை ஆகாது, அது தண்டை நசுக்கும், நசுங்கிய சதையே அடுத்த அழுகலுக்கு இரை. அழுகல் முடிந்ததுபோல் தோன்றும் இடத்துக்கு இரண்டு விரற்கடை மேலே முதல் வெட்டு. வெட்டிய முகத்தை வெளிச்சத்தில் பார்த்தால் வெள்ளரிக்காய் வில்லை போலிருக்கும்: வெளியே பச்சைத் தோல், அதற்குள் நீர் கோத்த வெளிர் சதை, நடுவே ஒரு வளையம், வளையத்துக்குள் மென்மையான நெஞ்சு. அந்த வளையம்தான் நீரும் உணவும் போகும் குழாய்களின் வரிசை. பியூசேரியம் அதன் வழியே ஏறும். சதை முழுக்கச் சுத்தமாக இருந்தும் வளையத்தில் ஊசிமுனை அளவு செம்புள்ளி ஒன்று தெரிந்தால் வேலை முடியவில்லை. பிளேடைத் துடைத்து, இன்னொரு வில்லை; மறுபடி துடைத்து, இன்னொன்று. துடைக்காமல் வெட்டினால் கீழே இருந்த கிருமியை மேலே பூசுவதாகும். வில்லையின் முகத்தில் பச்சையும் வெள்ளையும் தவிர வேறு நிறம் இல்லை என்ற நிலை வந்ததும், அதற்கு மேலும் ஒரு வில்லை எடுத்துவிடுவது நல்லது. ஒரு முழ நீளப் போத்து இப்படிச் சாண் அளவுக்கு வந்துவிடலாம். நுனிவரை புள்ளி தொடர்ந்தால் அந்தச் செடி பிழைக்காது. அதில் பொழுதைப் போக்குவதில் பயனில்லை.

கடைசி வெட்டுக்குப் பின் ஓரங்களைப் பென்சில் சீவுவதுபோல் சற்றுச் சரித்துவிட வேண்டும். சதை காயும்போது உள்வாங்கும். தடித்த தோல் வாங்காது. சரிக்காமல் விட்டால் வெட்டுவாய் கிண்ணம் போல் குழிந்து, நடு வளையத்திலிருந்து வரும் வேர் மண்ணைத் தொடாமல் தொங்கும். அந்தக் குழியில் தண்ணீர் தேங்கவும் செய்யும்.

வெட்டிய முகத்தில் என்ன பூசுவது என்பதில் ஊருக்கு ஒரு வழக்கம். கந்தகத்தூள் நல்லது. நன்றாக அரைத்த அடுப்புக்கரித்தூள் ஈரம் இழுக்கும். சாம்பலும் இழுக்கும், ஆனால் மழைக்காலக் காற்றில் அதுவே ஈரம் பிடித்துக் காரமாகும் என்பதால் கரியே மேல். மஞ்சள், பட்டைத்தூள் எல்லாம் மேற்பூச்சு அளவில் கெடுதல் இல்லை. கடையில் கிடைக்கும் காப்பர் ஆக்ஸிகுளோரைடை லிட்டருக்கு 2.5 கிராம் கரைத்துத் தெளிப்பது தாய்ச்செடிக்கும் அக்கம்பக்கத்துத் தொட்டிகளுக்கும் காப்பாகும். கார்பென்டாசிம் பியூசேரியம் போன்ற பூஞ்சைகளைத் தடுக்குமே தவிர, நீந்தி வரும் பித்தியம், பைட்டோப்தோராவை ஒன்றும் செய்யாது. அவற்றுக்கு மெட்டலாக்சில் வகை. டிரைக்கோடெர்மா விரிடி புதிய மண்ணில் கலக்க வேண்டிய முன்காப்பு. அழுகிய பின் ஊற்றும் மருந்து அன்று. இவற்றில் எதுவும் சதைக்குள் புகுந்த அழுகலைத் திருப்பாது. அதற்கு மருந்து கத்தி ஒன்றே.

பிறகு காய வைப்பது. விரல் தடிமனுள்ள துண்டுக்கு ஒரு வாரம், கைம்மணிக்கட்டு அளவுள்ளதற்கு இரண்டு மூன்று வாரம் என்பது வறண்ட மாதங்களுக்கான கணக்கு; கார்த்திகையில் அதை இரட்டிப்பாகக் கொள்வது தவறாகாது. மாடி வெயிலில் போட்டால் தோல் வெந்துபோகும். வீட்டுக்குள், மின்விசிறிக் காற்று படும் நிழலான பரண்தான் இடம். தூண் போன்ற போத்தைப் படுக்கவைத்தால் நாளடைவில் நுனி வெளிச்சத்தை நோக்கி வளையும், தரையைத் தொடும் பக்கத்தில் வேர் விடும். காலியான டம்ளரில் வெட்டுவாய் அடியைத் தொடாதபடி நிறுத்திவைத்தால் நிமிர்ந்தே காயும். காய்ந்த முகம் விரல் நகத்தால் தட்டினால் அட்டையைத் தட்டுவதுபோல் ஓசை தர வேண்டும். அதற்கு முன் நடக்கூடாது.

மண்ணைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, அழுகல் திரும்ப வருவது பெரும்பாலும் மண்ணால்தான். சீயமங்கலத்தில் முதலாம் மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடைந்த அவனிபாஜன பல்லவேஸ்வரம் நிற்பது கருங்கல்லில். செஞ்சியின் ராஜகிரி, கிருஷ்ணகிரிப் பாறைகளும் அதே குலம். இத்தகைய குன்றுகளின் பிளவுகளில் கள்ளி வேர்பிடித்து நிற்கும் இடத்தைக் கவனித்தால் போதும்: இரண்டு கை மண், மிச்சமெல்லாம் கல். அடைமழை பெய்தாலும் விட்ட சற்று நேரத்தில் நீர் வடிந்துவிடும். தொட்டிக்குள் வேண்டியது அதுவே. கிரஷரில் கிடைக்கும் சிறு சிப்ஸ் ஜல்லியைத் தூசு போகக் கழுவி, பாதிக்கு மேல் அதையே போட்டு, மீதிக்குச் செம்மண்ணும் கொஞ்சம் மட்கிய இலையும் சேர்த்தால் போதுமானது. எம்-சாண்டைக் கழுவாமல் போட்டால் அதிலுள்ள மாவு போன்ற தூள் சிமெண்ட் போல் இறுகும். நாற்றங்காலில் இருந்து வரும் போத்துகள் பெரும்பாலும் தென்னைநார்க் கழிவில் நிற்கின்றன. அது ஈரத்தைப் பல நாள் பிடித்துவைக்கும்; முழுக்கக் காய்ந்துவிட்டாலோ தண்ணீரை ஏற்காமல் ஓரமாக வழியவிடும். அந்த உருண்டையை அப்படியே புது மண்ணில் புதைப்பது வேர் நடுவே ஈரப் பஞ்சை வைத்துக் கட்டுவதற்குச் சமம்.

தொட்டியின் அடியில் ஒரு கைப்பிடி ஜல்லியோ ஓட்டுச் சில்லோ பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது தவறு. பொடிமண்ணிலிருந்து பெரிய கல்லுக்கு நீர் எளிதில் இறங்காது. மண்ணின் கடைசி அடுக்கு முழுக்க நனைந்த பிறகே இறங்கும். அடியில் கல் பரப்பினால் அந்த நனைந்த அடுக்கு வேருக்கு அருகே உயர்கிறது. துளையை மூட ஓர் ஓட்டாஞ்சில்லு போதும், மேலே முழுவதும் ஒரே கலவை. தொட்டிக்கடியில் வைக்கும் தட்டை மழைக்காலத்தில் எடுத்துவிட வேண்டும். மண் தொட்டி பிளாஸ்டிக்கைவிட விரைவில் உலரும் என்பதால் கைவிடாமல் தண்ணீர் ஊற்றுவோருக்கு அதுவே நல்லது.

காய்ந்த துண்டை இரண்டு மூன்று செ.மீ. ஆழத்துக்கு மேல் புதைக்கக்கூடாது. நிற்காவிட்டால் குச்சி முட்டுக் கொடுக்கலாம். மண் உலர்ந்தே இருக்கட்டும். மூன்று நான்கு வாரம் கழித்து மெல்ல அசைத்துப் பார்க்கையில் பிடிப்பு தெரிந்தால், வெயில் வரும் ஒரு காலையில் முதல் தண்ணீர். அதன் பின் ஈர்க்குச்சி முழுக்க உலர்ந்து வரும்வரை அடுத்தது இல்லை. கார்த்திகையில் வெட்டிய துண்டுக்கு இது ஏறக்குறையத் தை மாதம் விழும். நல்ல காலமும் அதுவே.

டிராகன் பழக் குச்சிக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதன் மூன்று சிறகுச் சதைக்கு நடுவே மரம் போன்ற தண்டு இருக்கிறது. அடியில் சதை மட்டும் அழுகி, நடுத்தண்டு கெட்டியாக இருந்தால் முழுச் செடியையும் வெட்ட வேண்டியதில்லை. கத்தியால் அழுகிய சதையை நடுத்தண்டுவரை சீவி எடுத்து, நல்ல சதையிலும் ஒரு விரற்கடை கூட எடுத்து, போர்டோ பசை தடவிவிட்டால், வெறும் குச்சிமேல் செடி நின்று வாழும். கற்தூணைப் பற்றிய வேர்களும் துணை. அடியில் சதையே இல்லாமல் மேலே காய்க்கும் கொடிகள் தோட்டங்களில் புதுமை அல்ல. தண்டில் வெளிறிய சிறு குழிப்புள்ளிகள் தோன்றி, செம்மஞ்சள் பொருக்காகி, பிறகு ஓட்டை விழுந்தால் அது வேறு நோய்: நியோசைட்டலிடியம் என்ற பூஞ்சையின் தண்டுச் சொறி. அந்தத் தண்டை வெட்டி எரிக்க வேண்டும். வரப்பில் போட்டால் அடுத்த மழையில் தெறித்துப் பரவும். தூணைச் சுற்றிக் குழி எடுத்து நடும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். நெல் வயலை ஒட்டிய நிலத்தில் மேடு போட்டு அதன்மேல் நடுவதே தக்கது.

பால் வடியும் கள்ளிகள் வேறு குடும்பம். இவ்வட்டாரச் சதுரக்கள்ளியும் வேலித் திருகுகள்ளியும் தமிழில் கள்ளி என்றாலும் தாவரவியலில் ஆமணக்கின் உறவு. அழுகல் வந்தால் வெட்டும் முறை ஒன்றே. ஆனால் வெட்டுவாயைப் பால் நிற்கும்வரை தண்ணீரில் கழுவிய பிறகே காய வைக்க வேண்டும், உறைந்த பால் வேரைத் தடுக்கும். பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. வெட்டிய கையால் முகம் துடைக்கக் கூடாது.

பூச்சி போட்ட காயமும் அழுகலுக்கு வாசல் என்பதை ஒரு நாடே பயன்படுத்திக்கொண்டது. 1920களில் ஆஸ்திரேலியாவில் ஏறக்குறைய 2.4 கோடி ஹெக்டேரைச் சப்பாத்திக்கள்ளி மூடியிருந்தது. அர்ஜென்டினாவிலிருந்து கொண்டுவந்த கேக்டோபிளாஸ்டிஸ் அந்துப்பூச்சியின் புழுக்கள் மடல்களைக் குடைந்தன. குடைந்த வழியே புகுந்த மென்னழுகல் மிச்ச வேலையை முடித்தது. தென்னிந்தியாவில் அதே வேலைக்கு 1926இல் இலங்கையிலிருந்து வந்தது செதில் போல் ஒட்டிக்கொள்ளும் கொச்சினீல் பூச்சி. இன்றும் வேலியோரச் சப்பாத்தி மடலில் பஞ்சு ஒட்டினாற்போல் தெரிவது பெரும்பாலும் அதுவே. நசுக்கினால் கருஞ்சிவப்புச் சாறு வரும். பஞ்சுள்ள வேலியிலிருந்து போத்து எடுத்துவந்தால் பூச்சியும் அதன் காயங்களும் சேர்ந்தே தொட்டிக்கு வருகின்றன.

கழித்த வில்லைகளை உரக்குழியில் போடக்கூடாது. எரிப்பது அல்லது ஆழப் புதைப்பது. பழைய மண் கள்ளிக்கு இனி ஆகாது. தொட்டியைத் தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, வெயிலில் காய வைத்தால் திரும்பப் பயன்படும். மீட்ட போத்தை மற்றத் தொட்டிகளோடு சேர்க்காமல் தனியே வைப்பது முறை. பியூசேரியம் தண்டுக்குள் ஓசையில்லாமல் மாதக்கணக்கில் தங்கக்கூடியது. ஆகவே அந்தச் செடி இன்னொரு ஐப்பசி, கார்த்திகையை அழுகாமல் தாண்டிய பிறகே அதிலிருந்து அடுத்த போத்தை எடுத்து அயலாருக்குக் கொடுக்கலாம்.